பெயர் இல்லாத பட்டியல்

கல்லூரியில் வேலை பார்ப்பவர்களுக்குப் பட்டியல்கள் பழகிப்போனவை. கல்வியாண்டு தொடங்கியதும் அலுவலகத்திலிருந்து நாமினல் ரோல் வரும். அதில் பெயர் இருந்தால்தான் வருகைப் பதிவு, அகமதிப்பீடு, ஹால் டிக்கெட் எல்லாம். சேர்க்கைக் குளறுபடியில் பெயர் விடுபட்டுப்போன ஒரு பெண் மூன்று வாரம் முதல் பெஞ்சில் உட்கார்ந்து பாடம் கேட்டிருந்தாலும், தாளைப் பொறுத்தவரை அவள் வகுப்புக்கு வரவே இல்லை.

சென்ற ஆண்டு முதுகலை முடித்த மாணவி ஒருத்தி பரிந்துரைக் கடிதம் கேட்டு வந்தாள். இறையியல் படிக்க விண்ணப்பிக்கிறாளாம். நெல்லைப் பக்கத்து சி.எஸ்.ஐ. குடும்பம். "அப்பா ஒண்ணே ஒண்ணுதான் கேக்காங்க மேடம். படிச்சிட்டு வந்தா உன்ன பீடத்துல ஏத்துவாங்களா, இல்ல சண்டே ஸ்கூல் நடத்தச் சொல்லுவாங்களான்னு" என்றாள். கடிதத்தை எழுதிக் கொடுத்தேன். அவளுடைய அப்பாவின் கேள்விக்கு என்னிடம் நேரடியான பதில் இல்லை. 170-க்கும் மேற்பட்ட ஆண்டுகளுக்கு முன்பு இதே கேள்வியோடு ஒரு கல்லூரிக்குள் நுழைந்த பெண்ணின் கதையைச் சொன்னேன். அதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ஓபர்லின் என்ற சிற்றூர். அங்கே 1833-இல் தொடங்கப்பட்ட கல்லூரி அந்தக் காலத்துக்குப் பெரும் புரட்சி. 1835 முதல் கறுப்பின மாணவர்களைச் சேர்த்துக்கொண்டது. 1837-இல் ஆண்கள் படிக்கும் அதே பட்டப்படிப்பில் பெண்களையும் அனுமதித்தது. 1841-இல் மூன்று பெண்கள் இளங்கலைப் பட்டம் பெற்றார்கள். அடிமை முறைக்கு எதிராக உரத்துப் பேசிய ஊர் அது. ஆனால் அங்கும் மாணவர்களின் துணியைத் துவைப்பதும் தைப்பதும் சமைப்பதும் மாணவிகளின் வேலையாகவே இருந்தன. சொற்கலை வகுப்பில் பெண்கள் உட்காரலாம், கேட்கலாம். எழுந்து விவாதிக்கக் கூடாது.

1846-இல் இந்தக் கல்லூரிக்கு வந்தார் ஆன்டாய்னெட் பிரவுன். நியூயார்க் மாநிலத்தின் ஹென்ரியேட்டா என்ற ஊரில் 1825-இல் பிறந்தவர். ஒன்பது வயதிலேயே சபையின் உறுப்பினராக ஏற்கப்பட்டவர். ஓபர்லினில் அவருக்கு வாய்த்த தோழி லூசி ஸ்டோன், பின்னாளில் பெண்ணுரிமைப் போராட்டத்தின் பெரும் பேச்சாளராக அறியப்பட்டவர். வகுப்பில் வாய் திறக்கக் கூடாது என்றான பிறகு, இருவரும் வேறு சில மாணவிகளைச் சேர்த்துக்கொண்டு ரகசியமாக ஒரு விவாதக் குழுவை நடத்தினார்கள். காட்டுக்குள் கூடினார்கள், ஊருக்கு ஒதுக்குப்புறத்தில் இருந்த ஒரு முதிய கறுப்பினப் பெண்ணின் வீட்டிலும் கூடினார்கள். கல்லூரி தராத மேடையை அந்த அம்மாளின் வீடு தந்தது. கல்லூரி வரலாற்றில் அந்த வீட்டுக்கும் ஓர் இடம் உண்டு என்று நான் நினைக்கிறேன்.

1847-இல் பெண்களுக்கான இலக்கியப் படிப்பை முடித்த ஆன்டாய்னெட், அடுத்து இறையியல் வகுப்பில் சேர வேண்டும் என்றார். படித்து முடித்து, குருப்பட்டம் பெற்று, ஒரு சபையை நடத்த வேண்டும் என்பது அவருடைய நோக்கம். இது நடக்கவே நடக்காது என்று லூசிகூடச் சொன்னார். வீட்டிலிருந்து வந்த பண உதவி நின்றது. ஓவியம் வரையக் கற்றுக்கொடுத்து அந்த வருமானத்தில் படித்தார்.

கல்லூரிக்கு இது தர்மசங்கடம். கல்வி பெற வருகிற யாரையும் பால் வேறுபாட்டால் விலக்குவதில்லை என்பது அதன் கொள்கை. அதனால் வெளியே போ என்று சொல்ல முடியவில்லை. உள்ளே வா என்று முழுதாகச் சொல்லவும் மனமில்லை. லெட்டிஸ் ஸ்மித் என்ற இன்னொரு மாணவியும் அதே வகுப்பில் சேர்ந்தார். இருவரும் எல்லா வகுப்புகளுக்கும் போனார்கள். கல்லூரியின் கையேட்டிலோ அவர்கள் இறையியல் மாணவர்களாகக் குறிக்கப்படவில்லை. ஏற்கெனவே பட்டம் முடித்து இங்கே தங்கி இறையியல் பாடங்களைப் பின்தொடர்பவர்கள் என்று தனியாகப் போட்டார்கள். இறையியல் மாணவர்களுக்கு வழக்கமாகத் தரப்படும் பிரசங்க உரிமம் ஆன்டாய்னெட்டுக்குத் தரப்படவில்லை. பேச விரும்பினால் தன் பொறுப்பில் பேசிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள். தடையும் இல்லை, அங்கீகாரமும் இல்லை. இந்த இடைநிலையை நம்மில் பலர் நம் பணியிடங்களில் பார்த்திருப்போம்.

அந்த வகுப்பில் அவர் எழுதிய ஒரு கட்டுரை முக்கியமானது. திருச்சபையில் பெண்கள் பேசுவதற்கு எதிராக எப்போதும் எடுத்துக்காட்டப்படுபவை பவுலின் இரண்டு பகுதிகள்: கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 14-ஆம் அதிகாரத்திலும், தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபத்தின் 2-ஆம் அதிகாரத்திலும் உள்ளவை. தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களில் வளர்ந்த பெண்கள் இவற்றைக் காதால் கேட்காமல் வளர்ந்திருக்க முடியாது. ஆன்டாய்னெட் இந்த வசனங்களைச் சுற்றிப் போகவில்லை. அவற்றையே எடுத்துக்கொண்டு விரிவாக ஆராய்ந்தார். அன்றைய கொரிந்து சபையின் வழிபாட்டில் நேர்ந்த ஒழுங்கீனங்களையும் அத்துமீறல்களையும்தான் பவுல் கண்டித்தார், பெண்கள் போதிப்பதையே தடுக்கவில்லை என்பது அவருடைய முடிவு. கல்லூரித் தலைவர் ஆசா மாஹன் அதை மதித்தார். 1849-இல் 'ஓபர்லின் குவார்ட்டர்லி ரிவ்யூ' இதழில் அது அச்சேறியது. அதே ஆண்டு அதே இதழில், பெண்கள் பொது மேடையில் பேசுவதை எதிர்த்து ஜேம்ஸ் ஃபேர்சைல்ட் என்ற பேராசிரியரின் கட்டுரையும் வந்தது. 24 வயது மாணவியின் வாதத்துக்கு எதிர்வாதமாக ஒரு பேராசிரியரின் கட்டுரையும் தேவைப்பட்டிருக்கிறது.

தமிழ் இலக்கியம் படித்த நமக்கு உரை என்றால் என்ன என்று தெரியும். ஒரு சூத்திரத்துக்கு இளம்பூரணர் ஒன்று சொல்வார், நச்சினார்க்கினியர் வேறொன்று சொல்வார். மூலம் ஒன்றுதான், பொருள் சொல்லும் உரிமை யாருக்கு என்பதில்தான் அதிகாரம் இருக்கிறது. இறையியல் கல்வியைப் பெண்களுக்குத் தர மறுத்ததன் உள்காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். பக்தியுள்ள பெண்ணை எந்தச் சபையும் வெறுத்ததில்லை. பாடகர் குழுவிலும், ஜெபக்கூட்டத்திலும், அசன சமையலிலும் அவள் வேண்டும். மூலத்தைத் தானே படித்து உரை சொல்லக் கிளம்பும் பெண்தான் சிக்கல்.

1850-இல் படிப்பு முடிந்தது. ஆன்டாய்னெட்டுக்கும் லெட்டிஸுக்கும் பட்டம் தரப்படவில்லை. அந்த ஆண்டு இறையியல் தேறியவர்களின் பட்டியலில் இருவர் பெயரும் இல்லை. மூன்று ஆண்டுகள் அதே வகுப்பறையில், அதே ஆசிரியர்களிடம், அதே பாடம்.

பிறகு மூன்று ஆண்டுகள் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். அடிமை ஒழிப்பு, மதுவிலக்கு, பெண்ணுரிமை எல்லாவற்றையும் பற்றிப் பேசினார். 1853 செப்டம்பரில் நியூயார்க்கில் நடந்த உலக மதுவிலக்கு மாநாட்டுக்குப் பிரதிநிதியாகப் போனபோது, மேடையில் நின்ற அவரைப் பேச விடாமல் கூச்சலிட்டார்கள். கூச்சலிட்டவர்களில் போதகர்களும் இருந்தார்கள். அதே மாதம் 15-ஆம் தேதி, சவுத் பட்லர் என்ற சிற்றூரின் சபை அவருக்குக் குருப்பட்டம் அளித்தது. அவர்கள் சபையில் முடிவெடுக்கும் அதிகாரம் ஊர்ச் சபைக்கே உண்டு. மேலே பேராயர் இல்லை. மெதடிஸ்ட் போதகர் லூதர் லீ, கலாத்தியர் நிருபத்தின் மூன்றாம் அதிகாரத்தில் ஆண் பெண் வேற்றுமையை மறுக்கும் இடத்தை எடுத்துப் பிரசங்கம் செய்தார். ஆண்டுக்கு 300 டாலர் சம்பளம். கல்லூரி பட்டியலில் சேர்க்காத பெயரை ஒரு கிராமத்துச் சபை தன் பீடத்தில் ஏற்றியது.

இங்கே கதையை வெற்றியோடு முடித்துவிடத் தோன்றும். ஆனால் ஓராண்டு ஆவதற்குள் அவர் அந்தப் பொறுப்பிலிருந்து விலகினார். ஞானஸ்நானம் பெறாமல் இறக்கும் பச்சிளம் குழந்தைகளுக்கும் நித்திய தண்டனை உண்டு என்ற போதனையை அவரால் ஏற்க முடியவில்லை. நரகத்தைக் காட்டி மனிதர்களை மிரட்டுவது தன் ஊழியம் இல்லை என்று உணர்ந்தார். உடல்நலமும் கெட்டது. அவருடைய எதிரிகள் இதைப் பெண்ணின் பலவீனம் என்று சொல்லிக்கொள்ள வசதியாக இருந்திருக்கும். எனக்கு வேறு மாதிரித் தெரிகிறது. பவுலின் வசனத்தை நேருக்கு நேர் பார்க்கக் கற்றுக்கொண்ட பெண், அதோடு நிறுத்திக்கொள்வாள் என்று எதிர்பார்க்க முடியாது. அடுத்த கேள்வி வந்தே தீரும். 1856-இல் சாமுவேல் பிளாக்வெல்லை மணந்தார். ஐந்து பெண் குழந்தைகளை வளர்த்தார். 1875-இல், ஆண் பெண் வேறுபாடு பற்றி டார்வினும் ஸ்பென்சரும் எழுதியவற்றைக் கேள்வி கேட்டு ஒரு நூல் வெளியிட்டார். 1878-இல் யூனிட்டேரியன் சபையில் சேர்ந்தார்.

அதே 1878-இல் ஓபர்லின் அவருக்குக் கௌரவ முதுகலைப் பட்டம் அளித்தது. அப்போது கல்லூரியின் தலைவர், அன்று எதிர்த்து எழுதிய ஃபேர்சைல்ட். 1908-இல் கௌரவ இறையியல் முனைவர் பட்டமும் தந்தார்கள். படித்துப் பெற்றிருக்க வேண்டியதைக் கௌரவமாகத் தர 58 ஆண்டுகள் ஆயின. அவருக்கு வயது 83. 1920-இல் அமெரிக்கப் பெண்களுக்கு வாக்குரிமை வந்தபோது, 95 வயதில் போய் வாக்களித்தார். அடுத்த ஆண்டு இறந்தார்.

ஆன்டாய்னெட்டுக்குப் பிறகு கதவுகள் ஒரே நேரத்தில் திறக்கவில்லை. ஆக்ஸ்போர்டின் மான்ஸ்ஃபீல்ட் கல்லூரியில் இறையியல் படித்த கான்ஸ்டன்ஸ் கோல்ட்மன் 1917-இல் லண்டனில் குருப்பட்டம் பெற்றார். ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் பெண்களுக்குப் பட்டமே 1920-இல்தான் தரத் தொடங்கியது. சீனாவில் போர்க்காலத்தில் குருமார் கிடைக்காத நிலையில், கான்டனில் இறையியல் படித்திருந்த ஃபுளோரன்ஸ் லீ டிம்-ஒய்க்கு 1944-இல் ஆங்கிலிக்கன் சபையின் பேராயர் ஒருவர் குருப்பட்டம் அளித்தார். போர் முடிந்ததும் சர்ச்சை எழுந்தது. 1946-இல் அவர் தன் உரிமத்தைத் திருப்பித் தர வேண்டியதாயிற்று. ஹார்வர்டு இறையியல் பள்ளி பெண்களைச் சேர்த்துக்கொண்டது 1955-இல். கத்தோலிக்கத் திருச்சபை பெண்களுக்குக் குருத்துவம் அளிக்கத் தனக்கு அதிகாரம் இல்லை என்று 1994-இல் மீண்டும் உறுதிப்படுத்தியது. கத்தோலிக்கப் பெண்கள் இறையியலில் முனைவர் பட்டம் பெறலாம். இறையியல் பேராசிரியராகவும் ஆகலாம். திருப்பலி நிறைவேற்ற முடியாது.

இனி நம் மாணவியின் சபைக்கு வருவோம். தென்னிந்தியத் திருச்சபை 1947-இல் உருவானது. பெண்களுக்குக் குருப்பட்டம் அளிக்கத் தொடங்கியது 1976-இல். 2013-இல் நந்தியால் பேராயத்தில் புஷ்பலலிதா முதல் பெண் பேராயரானார். ஆகவே அவளுடைய அப்பாவின் கேள்விக்குச் சட்டப்படியான பதில் 'ஏற்றுவார்கள்' என்பதுதான். ஆனால் எங்கள் பக்கத்துப் பேச்சுவழக்கைக் கவனியுங்கள். போதகரை ஐயர் என்கிறோம். ஐயரம்மா என்றால் போதகரின் மனைவி. ஒரு பெண்ணே போதகராக வந்தால் அவரை என்னவென்று கூப்பிடுவது? ஐயரம்மா என்றால் மனைவியாகிவிடுகிறார். ஐயர் என்று கூப்பிட நாக்கு கூசுகிறது. கணவர் பொறுப்பில் இருக்கும்வரை ஐயரம்மாவும் கூடவே ஊழியம் செய்வார். பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டம், நோயாளி வீடு, இழவு வீடு எல்லாம் அவர் பொறுப்பு. சம்பளப் பட்டியலில் அவர் பெயர் இருக்காது. நம் ஊரின் பெயர் இல்லாத பட்டியல் அது.

இவ்வளவையும் கேட்டுவிட்டு அந்தப் பெண், "அப்போ போகவா, வேண்டாமா மேடம்?" என்றாள். போ என்றேன். போவதற்கு முன் உங்கள் பேராயத்துக்கு ஒரு கடிதம் எழுது. படிப்பை முடித்த பெண்களை இதுவரை எந்தப் பணியில் அமர்த்தினீர்கள், என்னை எந்தப் பணிக்கு அனுப்புகிறீர்கள் என்று கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கிக்கொள் என்றேன். அந்தக் கடிதத்தை எப்படித் தொடங்குவது என்று இருவரும் உட்கார்ந்து யோசித்தோம். மரியாதையாக எழுத வேண்டும், கெஞ்சலாக இருக்கக் கூடாது. நான்கு முறை அடித்துத் திருத்தினோம். கடைசியில் முழுப்பெயரை எழுதி, தன் பட்டங்களையும் எழுதி, கையெழுத்துப் போட்டாள். இரண்டு நகல் எடுத்து, ஒன்றை என்னிடம் தந்துவிட்டுப் போனாள்.