கட்டுபடி

லண்டனின் சுரங்க ரயில்களும் சிவப்பு பஸ்களும் 1981-இல் லண்டன் மக்கள் தேர்ந்தெடுத்த ஒரு சபையின் பொறுப்பில் இருந்தன. அந்தச் சபை அக்டோபர் 4 அன்று கட்டணங்களைச் சராசரியாக 32 சதவீதம் குறைத்தது. அப்படிக் குறைத்தது சட்டத்துக்குப் புறம்பானது என்று டிசம்பர் 17 அன்று பிரபுக்கள் சபையின் ஐந்து நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். சொந்தக்காரன் தன் பொருளின் விலையைக் குறைக்கக்கூடாது என்பது கேட்க விநோதமாக இருக்கிறது. சட்டக்காரர்களும் பொருளாதாரக்காரர்களும் இதைப் பற்றி ஏராளமாக எழுதிவிட்டார்கள். நான் இரண்டு கூட்டத்தையும் சேர்ந்தவனில்லை. ஆனால் தீர்ப்பைப் படித்தபோது, இலக்கிய விமர்சனத்தில் நாம் மல்லுக்கட்டும் பிரச்சனை ஒன்று அங்கே ரத்தமும் சதையுமாக நடந்திருப்பதாக எனக்குப் பட்டது. வழக்கின் பெரும்பகுதி ஒரு பெயரடையை எப்படி வாசிப்பது என்பதில் போய் நின்றது.

பின்னணியைக் கொஞ்சம் சொல்லவேண்டும். ரயில் கட்டணத்தில் அரசு தலையிடுவது பிரிட்டனில் பொதுவுடைமைக்காரர்கள் ஆரம்பித்து வைத்த காரியம் இல்லை. 1844-இல், ரயில் முழுக்கத் தனியார் கம்பெனிகளின் கையில் இருந்தபோது, வர்த்தக வாரியத் தலைவராக இருந்த கிளாட்ஸ்டன் ஒரு சட்டம் கொண்டுவந்தார். ஒவ்வொரு கம்பெனியும் தினம் ஒரு ரயிலாவது எல்லா நிலையங்களிலும் நின்று போகும்படி விடவேண்டும். மூன்றாம் வகுப்புப் பயணிக்கு உட்கார இருக்கையும் மழைக்கு மறைப்பும் இருக்கவேண்டும். கட்டணம் மைலுக்கு ஒரு பென்னிக்கு மேல் போகக்கூடாது. அதே சட்டத்தில் இன்னொரு பிரிவும் இருந்தது. புதிதாகப் போடும் பாதைகளை 21 ஆண்டுகளுக்குப் பிறகு அரசே விலைக்கு வாங்கிக்கொள்ளலாம். வாங்கும் உரிமையை எந்த அரசும் உபயோகிக்கவில்லை. பென்னி ரயில் மட்டும் ஓடியது. ஆக, அரசுக்கு ஒரு தண்டவாளம்கூடச் சொந்தமில்லாத காலத்தில் விலையைச் சொல்லும் அதிகாரம் அதனிடம் இருந்தது. 137 ஆண்டுகள் கழித்துத் தண்டவாளமும் வண்டியும் நிலையமும் பொதுச் சொத்தாக இருந்தபோது, அந்த அதிகாரம் இல்லை என்று ஆயிற்று. நடுவில் என்ன நடந்தது?

லண்டனைப் பொறுத்தவரை சொத்து பல கை மாறியது. 1933-இல் ஹெர்பர்ட் மாரிஸன் வகுத்த திட்டத்தின்படி தனியார் சுரங்க ரயில், ட்ராம், பஸ் கம்பெனிகளெல்லாம் ஒரே பொது வாரியத்துக்குள் வந்தன. பழைய பங்குதாரர்களுக்கு வாரியத்தின் பத்திரங்கள் கொடுக்கப்பட்டன. அவற்றுக்கு வட்டி கட்டுவது வாரியத்தின் முதல் கவலையாகிவிட்டது. 1948-இல் அது தேசத்தின் சொத்து. 1970 ஜனவரியில் மத்திய அரசு அதைப் பெருநகர லண்டன் சபையிடம் ஒப்படைத்தது. ஒப்படைத்த 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தின் முதல் பிரிவில்தான் நான் சொன்ன பெயரடை இருக்கிறது. சபை மூன்று குணங்கள் உள்ள போக்குவரத்தை வளர்க்கவேண்டும்: ஒருங்கிணைந்தது, திறமையானது, 'எகனாமிக்' ஆனது. வேறொரு பிரிவு, எந்தக் காரியத்துக்காகவும் போக்குவரத்துக்கு மான்யம் தரும் அதிகாரத்தைச் சபைக்குக் கொடுத்தது. இன்னொன்று, போக்குவரத்து நிர்வாகம் வரவையும் செலவையும் கூடியவரை சரிக்கட்டவேண்டும் என்றது. மூன்றும் ஒரே கூரையின் கீழ் பத்தாண்டுகளுக்கு மேல் சண்டையில்லாமல் குடியிருந்தன. லேபர் ஆண்டபோதும் கன்ஸர்வேட்டிவ் ஆண்டபோதும் சபை மான்யம் தந்துகொண்டுதான் இருந்தது.

1981 மே 7 தேர்தலில் லேபர் கட்சி 50 இடங்களைப் பிடித்தது, கன்ஸர்வேட்டிவ் 41. மறுநாளே கட்சி தன் தலைவரை மாற்றி கென் லிவிங்ஸ்டனைக் கொண்டுவந்தது. (பத்திரிகைகள் இதைப் பற்றியே மாதக்கணக்கில் எழுதின. எனக்கு அதில் சுவாரஸ்யமில்லை.) கட்டணத்தைக் கால் பங்கு குறைப்போம் என்பது தேர்தல் அறிக்கையில் இருந்த வாக்குறுதி. பல மண்டலங்களாகப் பிரித்துக் கட்டணத்தை எளிமைப்படுத்தியதில் குறைப்பு இன்னும் கொஞ்சம் கூடிற்று. பயணிகள் கூடினார்கள், நகர மையத்துக்குள் வரும் கார்கள் குறைந்தன.

பணம் எங்கிருந்து? சொத்துவரியில், வரிமதிப்பு ஒரு பவுனுக்கு 6.1 பென்ஸ் கூடுதலாக விதிக்கப்பட்டது. குறைப்புக்கு வேண்டிய பணம் ஏறத்தாழ 7 கோடி பவுன். ஆனால் உள்ளாட்சிகள் செலவு வரம்பைத் தாண்டினால் மான்யத்தை வெட்டும் ஏற்பாட்டை அப்போதைய தாட்சர் அரசு செய்து வைத்திருந்தது. அந்த வெட்டில் இன்னொரு 5 கோடி போயிற்று. அதையும் வரி கட்டுகிறவர்கள்தான் ஈடுசெய்யவேண்டும். அந்த வரியில் பாதிக்கு மேல் கட்டியது கடைகளும் அலுவலகங்களும் ஆலைகளும். அவற்றுக்கு ஓட்டு கிடையாது.

ப்ராம்லி லண்டனின் தென்கிழக்கு ஓரத்தில் இருக்கும் பகுதி. அங்கே சுரங்க ரயில் நிலையம் ஒன்றுகூட இல்லை. அங்கிருந்து வேலைக்குப் போகிறவர்கள் பிரிட்டிஷ் ரயிலில் போனார்கள். அது வேறு நிர்வாகம், அதன் கட்டணம் குறையவில்லை. வரி மட்டும் வந்தது. கன்ஸர்வேட்டிவ்கள் ஆண்ட ப்ராம்லி சபை வழக்குப் போட்டதில் அரசியல் இருந்தது என்பதை ஒப்புக்கொண்டாலும், அந்த மனக்குறையைப் பொய் என்று தள்ள எனக்கு முடியவில்லை. பஸ் அங்கும் ஓடியது என்று பதில் சொல்லலாம். அது பாதி பதில்தான்.

இனி அந்தப் பெயரடை. 'எகனாமிக்' என்ற சொல்லைத் தமிழில் என்னவென்று வைப்பது? 'சிக்கனமான' என்றால் வீண் செலவு இல்லாதது. 'லாபகரமான' என்றால் வரவு செலவை மிஞ்சவேண்டும். 'பொருளாதார ரீதியான' என்பது ஒன்றும் சொல்லாமல் தப்பித்துக்கொள்ளும் அரசாங்கத் தமிழ். சபையின் தரப்பு முதல் அர்த்தத்துக்குப் பக்கமாக வாதிட்டது: கிடைக்கும் வளத்துக்கு ஊருக்கு எவ்வளவு நன்மை என்பதுதான் கணக்கு, நெரிசல் குறைவதும் அதில் வரவு. நீதிபதிகள் இரண்டாவதின் பக்கம் சாய்ந்தார்கள். இந்தச் சொல்லுக்குப் பல அர்த்தங்கள் உண்டு என்பது அவர்களுக்குத் தெரியும். தீர்ப்பிலேயே அது வருகிறது. ஐவரும் ஒரே முடிவுக்கு வந்தாலும் ஒரே பாதையில் வரவில்லை. ஸ்கார்மன் வியாபார நெறி என்ற வழியில் வந்தார். டிப்லாக், மான்யம் தருவதற்குச் சபைக்கு இடமுண்டு என்று பெரும்பாலும் ஏற்றுக்கொண்டு, மத்திய அரசின் வெட்டினால் வரிச்சுமை ஏறத்தாழ இரட்டிப்பானதையே பெரிய பிழையாகக் கண்டார். வெட்டியது யார் என்ற கேள்வி அங்கே எழவில்லை.

இந்த இடத்தில்தான் எனக்கு விமர்சன உலகம் ஞாபகம் வந்தது. 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மசோதாவைப் பாராளுமன்றத்தில் முன்வைத்த அமைச்சர் ரிச்சர்டு மார்ஷ், இந்த விஷயத்தைச் சந்தேகமில்லாமல் சொல்லியிருந்தார். சமூகக் காரணங்களுக்காகச் சில தடங்களை நஷ்டத்தில் ஓட்டச் சபை விரும்பலாம், விலைவாசி ஏறும்போது கட்டணத்தை ஏற்றாமல் வைத்திருக்க விரும்பலாம். அதற்கான பணத்தைத் தானே கொடுத்தால் சபைக்கு அந்தச் சுதந்திரம் உண்டு என்பது அவர் பேச்சின் சாரம். அதைவிடத் தெளிவாக ஒரு ஆசிரியன் தன் நோக்கத்தைச் சொல்ல முடியாது. ஆனால் பாராளுமன்ற விவாதத்தைப் புரட்டிப் பார்த்துச் சட்டத்துக்கு அர்த்தம் தேடக்கூடாது என்பது அன்றைய ஆங்கில நீதிமன்ற விதி. பிரதியில் என்ன இருக்கிறதோ அதுதான். எழுதியவன் என்ன நினைத்தான் என்பது வெளி விவகாரம். விம்ஸாட்டும் பியர்ட்ஸ்லியும் 1946-இல் கவிதைக்குச் சொன்னதை நீதிமன்றங்கள் அதற்கு வெகு காலம் முன்பிருந்தே சட்டத்துக்குச் சொல்லிவந்திருக்கின்றன. நம்மில் பலர் அந்தக் கொள்கையை ஒரு காலத்தில் உற்சாகத்தோடு ஏற்றுக்கொண்டோம். ஆசிரியனின் சர்வாதிகாரத்திலிருந்து பிரதிக்கு விடுதலை என்று பேசினோம். கவிதையில் தவறாக வாசித்தால் அடுத்த இதழில் ஒருவர் மறுப்பு எழுதுவார். இங்கே லட்சக்கணக்கானவர்கள் மறுநாள் வேலைக்குப் போகிற செலவு அதில் இருந்தது. 1992-இல் வேறொரு வழக்கில் பிரபுக்கள் சபையே இந்த விதியைத் தளர்த்தி, அர்த்தம் குழம்புகிற இடத்தில் அமைச்சரின் பேச்சைப் பார்க்கலாம் என்றது. லண்டனுக்கு அது பதினோரு ஆண்டு தாமதம்.

பிரதியைத் தனியாக வாசித்தார்கள் என்று சொல்வதும் முழு உண்மையாகாது. சொல்லுக்கு அர்த்தம் போதாத இடத்தில் அவர்கள் ஒரு பழைய மரபைக் கொண்டுவந்து நிரப்பினார்கள். வரி கட்டுகிறவரின் பணத்துக்கு உள்ளாட்சி ஒரு தர்மகர்த்தா. அந்தப் பணத்தைத் தாராளமாக வாரி விடக்கூடாது என்பது அந்த மரபு. அதன் வம்சாவளி சுவாரஸ்யமானது. கிழக்கு லண்டனின் ஏழைப் பகுதியான பாப்லரில், முதல் உலகப் போருக்குப் பின் சபை தன் தொழிலாளர்களுக்கு, ஆண் பெண் வித்தியாசமின்றி, வாரத்துக்கு 4 பவுன் குறைந்தபட்சக் கூலி கொடுத்தது. அது நியாயமற்ற தாராளம் என்று 1925-இல் பிரபுக்கள் சபை தீர்த்தது. 1950களின் நடுவில் பர்மிங்ஹாம் நகரசபை முதியவர்களை பஸ்ஸில் இலவசமாக ஏற்றிச் சென்றது. அதுவும் செல்லாது என்றார்கள். பாராளுமன்றம் 1955-இல் தனிச் சட்டம் போட்டு அந்தக் கிழவர்களை மறுபடி பஸ்ஸில் ஏற்றவேண்டியிருந்தது. மூன்று வழக்கிலும் வரி கட்டுகிறவர் என்று ஒரு ஆள் வருகிறார். அவர் பஸ்ஸில் போவதில்லை, கூலி வாங்குவதில்லை, முதுமையடைவதில்லை. ரயிலில் போகிறவர் இன்னொரு ஆள். இருவரும் ஒரே ஆளாக இருக்கக்கூடும் என்பது சட்டத்தின் கற்பனைக்கு எட்டவில்லை.

நம் பேச்சுத் தமிழில் இதற்கு ஒரு நல்ல சொல் இருக்கிறது. கட்டுபடி. இந்த விலைக்குக் கட்டுபடியாகாது என்று கடைக்காரர் சொல்கிறார். வாங்க வந்தவரும் அதையேதான் சொல்கிறார். இருவர் பேசுவதும் ஒரே விலையைப் பற்றி. யாருக்குக் கட்டுபடி என்று கேட்காமல் அந்தச் சொல்லை உபயோகிக்கவே முடியாது. 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூன்றாவது பெயரடையை நான் அப்படித்தான் மொழிபெயர்ப்பேன். தீர்ப்பு அதை நிர்வாகத்துக்கு மட்டும் கட்டுபடியாவது என்று பாதியாக வெட்டிவிட்டது. நம் நாட்டிலும் இந்த வெட்டு நடந்திருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் இந்திய ரயில்வே, பயணச் செலவில் 57 சதவீதம்தான் கட்டணமாகத் திரும்பக் கிடைக்கிறது என்று டிக்கட்டிலேயே அச்சடிக்க ஆரம்பித்தது. பற்றாக்குறையின் பெரும்பகுதியைச் சரக்கு ரயிலின் வருமானம் சுமக்கிறது என்பதை அந்த வரி சொல்லவில்லை. ரயில் யாருடையது என்பதையும் சொல்லவில்லை. காசு கொடுத்து டிக்கட் வாங்கியவன் கையில் ஒரு கடன் பாக்கிச் சீட்டு மாதிரி அது இருந்தது.

தேர்தல் அறிக்கையைப் பற்றியும் சொல்லவேண்டும். மக்கள் இதற்குத்தான் ஓட்டளித்தார்கள் என்று சபை வாதிட்டபோது, நவம்பரில் அப்பீல் நீதிமன்றத்தில் டென்னிங் பிரபு அதை ஏற்கவில்லை. அறிக்கையை வேதவாக்காகக் கொள்ளக்கூடாது, ஓட்டளிப்பவர்கள் அதிலுள்ள ஒவ்வொன்றுக்கும் ஓட்டளிப்பதில்லை என்றார். நியாயமான பேச்சுதான். ஆனால் 1976-இல் டேம்ஸைட் என்ற ஊரில் புதிதாக வென்ற கன்ஸர்வேட்டிவ் சபை, பள்ளிகளைப் பொதுமுறைக்கு மாற்றும் திட்டத்தை நிறுத்தியபோது, மக்கள் தந்த ஆணைக்கு அதே டென்னிங் மதிப்புக் கொடுத்திருந்தார். டேம்ஸைட் சபைக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்த பிரபுக்களில் வில்பர்ஃபோர்ஸும் ஒருவர். 1981-இன் ஐவரிலும் அவர் இருந்தார். இதைச் சதி என்று நான் சொல்லமாட்டேன். தனக்கு இயல்பாகத் தோன்றுவதை ஒருவன் நியாயம் என்று வாசிக்கிறான். தனக்கு அந்நியமாகத் தோன்றுவதில்தான் இலக்கணப் பிழை தேடுகிறான். விமர்சகர்களிடமும் இது உண்டு.

1982 மார்ச் 21 அன்று கட்டணம் ஏறக்குறைய இரண்டு மடங்காயிற்று. ஏற்றிய கட்டணத்தைக் கொடுக்கமாட்டோம் என்று சிலர் ஒரு மறியல் நடத்தினார்கள். அதற்கு டாரியோ ஃபோவின் ஒரு நாடகத் தலைப்பைப் பெயராக எடுத்துக்கொண்டார்கள். அது நீடிக்கவில்லை. பயணிகள் குறைந்தார்கள், சாலையில் கார்கள் திரும்பி வந்தன. அதே ஆண்டில் லிவர்பூல் சுற்றுவட்டாரத்தை ஆண்ட மெர்ஸிஸைட் சபையின் கட்டணக் குறைப்பை எதிர்த்து ஒரு பெரிய வாணிபக் கம்பெனி வழக்குப் போட்டது. தோற்றது. அங்கே பொருந்தியது 1968-ஆம் ஆண்டின் வேறொரு சட்டம், அதன் வாசகம் வேறு. லிவர்பூலில் சட்டப்படி சரியான மலிவு, லண்டனில் சட்டவிரோதமான மலிவு.

லண்டன் சபை இரண்டாவது முறை புத்திசாலித்தனமாக நடந்துகொண்டது. ஒரு முழுப் போக்குவரத்துத் திட்டத்தைக் கணக்குகளோடு தயாரித்து, கட்டணக் குறைப்பை அதன் ஒரு பகுதியாக வைத்து, முன்கூட்டியே நீதிமன்றத்திடம் போய்க் கேட்டது. 1983 ஜனவரியில் நீதிமன்றம் அனுமதித்தது. மே 22 அன்று கட்டணம் 25 சதவீதம் குறைந்தது. அன்றே பஸ்ஸுக்கும் சுரங்க ரயிலுக்கும் சேர்த்து ஒரே சீட்டாக டிராவல்கார்டு வந்தது. ஆக, தேர்தல் அறிக்கையில் சொன்ன அளவு இரண்டு ஆண்டு கழித்துச் சட்டபூர்வமாயிற்று. பெயரடை மாறவில்லை. 1982-இல் 50 கோடியாக இருந்த சுரங்க ரயில் பயணங்கள் 1980களின் இறுதியில் 80 கோடியளவுக்குப் போயின. நகரத்தில் வேலைவாய்ப்புப் பெருகியதும் இதற்குக் காரணம்தான்.

அரசு இதற்குள் வேறு வழி கண்டுபிடித்திருந்தது. 1984 ஜூன் 29 அன்று லண்டன் போக்குவரத்து சபையின் கையிலிருந்து எடுக்கப்பட்டு அமைச்சரின் கீழ் போயிற்று. 1986 மார்ச் 31 அன்று சபையே கலைக்கப்பட்டது. டிராவல்கார்டை மட்டும் புதிய நிர்வாகம் கைவிடவில்லை. 1985-இல் அதைப் போன்ற ஒரு சீட்டைப் பிரிட்டிஷ் ரயிலுக்கும் செல்லும்படி செய்தார்கள். ப்ராம்லிக்காரர்களும் வாங்கினார்கள்.