மௌனத்திற் கேட்ட குரல்

வானொலியில் அரை நிமிடம் ஓசை நின்றுவிட்டால், கேட்போர் தம் கருவி பழுதடைந்ததென்று கருதி எழுந்து அதன் திருகுகளைத் திருப்பத் தொடங்குவர். ஆகவே மௌனத்தைப் பற்றி வானொலியிற் பேசுவது சற்று விசித்திரமான முயற்சியே.

இறைவனின் குரலைக் கேட்கும் பொருட்டுத் தன் குரலை அடக்குதல் கிறிஸ்தவ சமயத்தில் மிகப் பழைய பயிற்சி. எகிப்தியப் பாலைவனத்துத் துறவிகள் நான்காம் நூற்றாண்டிலேயே அதனைக் கைக்கொண்டிருந்தனர். ஆயின் அது உலகைத் துறந்தோரின் மௌனம். உழவரும் நெசவாளரும் கடைக்காரரும், மனைவி மக்களோடு கூடியிருந்து, மௌனத்தையே தம் பொது வழிபாடாகக் கொண்ட வரலாறு வேறொன்று. குவேக்கர் எனப்படும் நண்பர் சங்கத்தாரின் வரலாறு அது.

ஆங்கில நாட்டில் 1642-ஆம் ஆண்டு மன்னனுக்கும் பாராளுமன்றத்துக்குமிடையே போர் மூண்டது. 1649-இல் மன்னனின் தலை வெட்டுண்டது. அந்நாளில் எங்கு நோக்கினும் பிரசங்கமே. ஒவ்வொரு கட்சியும் கடவுள் தன் பக்கத்திலேயே நிற்பதாக உரத்துக் கூவியது. இவ்வாரவாரத்தினிடையே, 1624-இல் லெஸ்டர்ஷயரில் ஒரு நெசவாளரின் மகனாகப் பிறந்த ஜோர்ஜ் பொக்ஸ் என்னும் இளைஞர், சப்பாத்துத் தொழில் பயின்றவர், மன அமைதி தேடி வீட்டை விட்டு வெளியேறினார். குருமாரை நாடினார், எவராலும் அவர் துயர் தீரவில்லை. மனிதர்மேல் வைத்த நம்பிக்கை யாவும் அற்ற நிலையில், 1647-ஆம் ஆண்டளவில், தன் நிலையறிந்து பேசவல்லவர் கிறிஸ்து ஒருவரே என்ற உறுதி அவருக்குள் எழுந்தது. ஒவ்வோர் ஆன்மாவிலும் ஓர் ஒளி உண்டு; அமைதியாயிருந்து காத்திருப்போர்க்கு அது புலப்படும்; இடையில் நின்று உணர்த்தக் குருமார் வேண்டியதில்லை. இதுவே அவர் போதனை. 1652-இல் லங்காஷயரில் பென்டில் குன்றின்மேல் ஏறி நின்றபோது, பெருந்திரளான மக்கள் ஒன்றுசேர்க்கப்படும் காட்சியைத் தாம் கண்டதாக அவர் கூறியிருக்கிறார்.

அவர்களது கூட்டத்திற் பீடமில்லை, கீதமில்லை, எழுதி வைத்த ஜெபமும் இல்லை. சாதாரண வாங்குகளில் அமர்ந்து காத்திருப்பர். உள்ளத்தில் உந்துதல் பெற்றவர், ஆணாயினும் பெண்ணாயினும், எழுந்து சில வார்த்தைகள் சொல்லி அமர்வர். ஒருவரும் பேசாமலே கூட்டம் முடிவதுமுண்டு. அலுவற் கூட்டங்களிலும் வாக்கெடுப்பு இல்லை. சபையோரின் ஒருமித்த கருத்து யாதென உய்த்துணர்ந்து எழுத்தாளர் அதனைக் குறித்து வைப்பார்.

பாடசாலைகளிலேயே வாழ்நாளைக் கழித்தவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். வகுப்பறையில் இருவகை மௌனம் உண்டு. ஒன்று பிரம்புக்கு அஞ்சிய மௌனம். மற்றையது, அடுத்து வருஞ்சொல்லை எதிர்நோக்கும் மௌனம். எந்த வகுப்பில் எது நிலவுகின்றதென்பதை வாயிலில் நின்றே அறிந்துகொள்ளலாம். குவேக்கர் பழகியது இரண்டாவது வகை. 1664-ஆம் ஆண்டுச் சட்டம் அரசாங்கத் திருச்சபைக்குப் புறம்பான வழிபாட்டுக் கூட்டங்களைத் தடை செய்தது. ஆயிரக்கணக்கானோர் சிறை புகுந்தனர். 1682-இல் பிரிஸ்டல் நகரிற் பெரியோர் அநேகமாக எல்லோரும் சிறைப்பட்டிருந்த வேளை, அவர்களுடைய பிள்ளைகள் தாமே கூடி மௌன வழிபாட்டைத் தொடர்ந்து நடாத்தினர். அதற்காக அடியும் பட்டனர். அச்சத்தினால் விளைந்த மௌனமாயின் அப்பிள்ளைகள் வீட்டிலன்றோ இருந்திருப்பர்?

இதுவரை சொன்னது பெருமைக்குரிய பகுதி. இனி வருவது அத்துணை எளிதன்று. இவ்வாறு காத்திருந்து கேட்கப் பழகிய மக்கள், தம் வாயிலில் நின்ற அநீதி ஒன்றின் குரலை நெடுங்காலம் கேளாதிருந்தனர். அமெரிக்கக் குடியேற்றங்களிற் குவேக்கர் பலர் ஆபிரிக்க அடிமைகளை வைத்திருந்தனர். 1671-இல் பார்படோஸ் தீவுக்குச் சென்ற பொக்ஸ்கூட, அடிமைகளை அன்போடு நடத்துங்கள், சில ஆண்டுகளின் பின் விடுதலை செய்யுங்கள் என்றாரேயன்றி, அவ்வழக்கத்தையே கண்டிக்கவில்லை. 1688-இல் பென்சில்வேனியாவின் ஜேர்மன்டவுனில் நால்வர் கையொப்பமிட்டு, அடிமை வாணிபம் கிறிஸ்தவத்துக்கு ஒவ்வாதென எழுதிக் கொடுத்தனர். மாதக் கூட்டம் அதனைக் காலாண்டுக் கூட்டத்துக்கு அனுப்பியது. காலாண்டுக் கூட்டம் ஆண்டுக் கூட்டத்துக்கு அனுப்பியது. ஆண்டுக் கூட்டம் தீர்ப்பொன்றும் கூறாமல் விட்டது. அரசாங்கக் கடிதப் போக்குவரத்தில் அனுபவமுள்ளோர்க்கு இது புதிதாகத் தோன்றாது. அம்மனு 1844-ஆம் ஆண்டளவில் மீண்டும் கண்டெடுக்கப்படும் வரை மறக்கப்பட்டே கிடந்தது.

ஜோன் வூல்மன் நியூ ஜேர்சியில் 1720-இல் பிறந்தவர். இளமையில் ஒரு கூட்டத்தில் எழுந்து பேசியவர், உள்ளே உணர்த்தப்பட்டதற்கு மேலாகவும் சில வார்த்தைகள் சொல்லிவிட்டதாக உணர்ந்து வருந்தினார். அதன்பின் ஏறக்குறைய ஆறு வாரங்கள் வாய் திறவாதிருந்து, மீண்டும் உந்துதல் பெற்றபோதே சில சொற்கள் பேசினார். எது தன் சொல், எது தனக்குக் கொடுக்கப்பட்ட சொல் என்று பிரித்தறிய அவர் கற்றது இவ்வாறே. நன்றாகப் பேசுவதே திறமையென்று மாணவருக்குக் கற்பிக்கும் எம் போன்றோர் இதனைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

அவர் ஒரு கடையில் எழுத்து வேலை செய்துகொண்டிருந்தார். தமக்கிருந்த கறுப்பினப் பெண்ணொருத்தியை விற்றுவிட்ட முதலாளி, விற்பனைப் பத்திரம் எழுதுமாறு திடீரெனப் பணித்தார். வாங்குபவரோ வயது முதிர்ந்த குவேக்கர்; அருகே காத்து நின்றார். வூல்மனின் உள்ளம் கலங்கியது. ஆயினும் எழுதிக் கொடுத்தார். கொடுக்கும்போது, அடிமை வைத்திருத்தல் கிறிஸ்தவத்துக்கு முரணானதெனத் தாம் நம்புவதாக இருவர் முன்னிலையிலும் கூறினார். கூறியும் அவர் கலக்கம் தீரவில்லை. பின்னர் வேறொருவர் இத்தகைய பத்திரம் கேட்டபோது மறுத்துவிட்டார். நோயுற்ற அயலவர் ஒருவரின் மரண சாசனத்தை எழுதுகையில், அடிமைப் பெண்ணைப் பற்றிய பகுதியை மட்டும் எழுதாது விட்டார். இருவரும் அதுபற்றி உரையாடினர். அயலவர் அவளை விடுதலை செய்ய இணங்கிய பின்னரே சாசனம் நிறைவுற்றது.

தையற்றொழிலால் எளிய சீவனம் நடாத்திய அவர், தென்பகுதிக் குடியேற்றங்களுக்கும் சென்று அடிமை வைத்திருந்தோரின் வீடுகளில் தங்கினார். பணிவிடை செய்த அடிமைகளுக்குக் கூலி கொடுத்தார். உண்டவர் கூலி கொடுத்தால் உபசரித்தவர் மனம் நோகும் என்பதை அவர் அறியாதவரல்லர். பெஞ்சமின் லே என்னும் மற்றொருவர் 1738-இல் சபை நடுவே செந்நிறப் பழச்சாற்றை இரத்தம்போற் சிந்தித் தம் கண்டனத்தைத் தெரிவித்தார். சபை அவரை விலக்கியது. லேயின் துணிவை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் வூல்மனை வெளியேற்றுவது அவர்களுக்கு எளிதாயிருக்கவில்லை. அவர் அவர்களுடைய மௌனத்துள்ளேயே அமர்ந்திருந்தார்.

1758-ஆம் ஆண்டு பிலடெல்பியா ஆண்டுக் கூட்டத்தில் இவ்விடயம் விவாதிக்கப்பட்டது. வூல்மன் நெடுநேரம் பேசாதிருந்தார். சிலர், பொறுமையோடு காத்திருப்போம், ஆண்டவர் தக்க காலத்தில் வழி திறப்பார் என்றனர். காத்திருத்தலையே வழிபாடாகக் கொண்ட சபையில் இதனினும் பக்தியான வார்த்தை வேறில்லை. அப்பொழுதுதான் வூல்மன் எழுந்தார். ஒடுக்கப்பட்டோரின் கூக்குரல் இறைவன் செவியை எட்டிவிட்டது, இது தாமதிக்கும் வேளையன்று என்ற கருத்துப்படப் பேசினார். காத்திருக்கக் கற்றவரே காத்திருத்தல் போதுமென்றார். அடிமைகளை வாங்குவோரையும் விற்போரையும் சபை அலுவல்களிலிருந்து நீக்கவும், அடிமை வைத்திருப்போரை வீடு வீடாகச் சென்று காணவும் அன்று முடிவாயிற்று. சென்றவர்களில் அவரும் ஒருவர்.

1772-இல் இங்கிலாந்தின் யோர்க் நகரில் அவர் அம்மை நோயால் இறந்தார். 1776-இல் பிலடெல்பியா ஆண்டுக் கூட்டம், அடிமை வைத்திருப்போர் தம் சபையில் இருத்தலாகாதெனத் தீர்மானித்தது. ஜேர்மன்டவுன் மனுவிலிருந்து கணக்கிட்டால் எண்பத்தெட்டு ஆண்டுகள். லண்டனில் 1787-இல் அடிமை வாணிபத்தை ஒழிக்க அமைந்த குழுவின் பன்னிரு உறுப்பினரில் ஒன்பதின்மர் குவேக்கர்.

வூல்மனின் நாட்குறிப்பு 1774-இல் அச்சாயிற்று. அன்று பத்திரம் எழுதியதை அதில் ஒளிவு மறைவின்றிச் சொல்லியிருக்கிறார். விற்கப்பட்ட அந்தப் பெண்ணின் பெயரை மட்டும் அவர் எழுதவில்லை.