அரங்கன் வீட்டு நெற்குதிர்

ஒரு குடியானவர் வீட்டின் செழிப்பை வாசல் திண்ணை சொல்லாது; நெற்குதிர்தான் சொல்லும். திருவரங்கத்துப் பெரிய பெருமாளும் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே நன்செய் நிலங்களோடு குடித்தனம் நடத்தி வந்தவர்தாம். ஏழு திருச்சுற்றும் 156 ஏக்கர் பரப்பும் கொண்ட அந்தப் பெரிய வீட்டின் குதிர், தாயார் சன்னதிப் பக்கம் இருக்கும் திருக்கொட்டாரம்.

நாயக்கர் காலத்து வட்டக் களஞ்சியங்கள் ஐந்து இங்கே நிற்கின்றன. ஒவ்வொன்றும் சுமார் 20 அடி விட்டம், 30 அடி உயரம். செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுப்பியவை. ஏன் வட்டம்? குவித்த நெல் சுவரை வெளிப்புறமாகத் தள்ளும். சதுரக் கட்டடமாக இருந்தால் அந்தப் பாரத்தில் மூலைகள் விரிசல் விடும். வட்டச் சுவரோ பாரத்தைச் சுற்றிலும் பகிர்ந்துகொள்ளும். மூலை இல்லாததால் நெல் தேங்கி மக்கவும் இடமில்லை. நம் வீட்டு மண்குதிர் உருண்டையாக இருப்பதற்கும் இதே காரணம்தான். குயவர் கைக்குத் தெரிந்ததைக் கொத்தனார் பெரிதாக்கினார். பாபநாசத்தை அடுத்த திருப்பாலைத்துறைக் கோயிலில் 3,000 கலம் கொள்ளும் நாயக்கர் காலக் களஞ்சியமும் வட்ட வடிவம்தான்.

எட்டு நாழி ஒரு மரக்கால், பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம் என்ற கணக்கில் அளந்து வந்த நெல்லே திருமடைப்பள்ளியில் தளிகையானது. அரங்கனுக்கு அன்றாடம் புது மண்பானையில் தளிகை என்பதால், வயலும் களஞ்சியமும் குயவர் சூளையும் ஒரே அடுப்படியில் வந்து சேர்ந்தன.

இவ்வளவு பெரிய குடித்தனத்தில் எசமானர் கண் படாமல் இருக்கலாமா? தைமாதப் பூபதித் திருநாளிலும் சித்திரை விருப்பன் திருநாளிலும் ஏழாம் நாள் உற்சவரான நம்பெருமாள், ஸ்ரீதேவி பூதேவி என்னும் உபயநாச்சியார்களோடு கொட்டாரத்துக்கு எழுந்தருளி நெல்லளவு கண்டருள்கிறார். மரக்காலில் நெல் அளப்பதை வீட்டுக்காரரே நின்று பார்க்கும் காட்சி அது. கோயில் சொத்து கணக்கோடு இருக்க வேண்டும் என்பதை உபதேசமாகச் சொல்லாமல் உற்சவமாகவே வைத்துவிட்டார்கள் நம் முன்னோர்.

பின்னாளில் நெல்வரத்து குறைந்து, களஞ்சியங்கள் பராமரிப்பின்றிக் கிடந்தன. 2015 குடமுழுக்கை ஒட்டிய திருப்பணியில் அவையும் சீரமைக்கப்பட்டன. அந்தத் திருப்பணிக்காகவே 2017-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருது இக்கோயிலுக்குக் கிடைத்தது.

236 அடி ராஜகோபுரத்தை அண்ணாந்து பார்க்காமல் யாரும் திரும்புவதில்லை. தாயாரைச் சேவிக்கப் போகும் அன்பர்கள் கொட்டாரத்தின் முன்னும் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். கோபுரம் இந்த வீட்டின் வாசல். வீட்டாருக்குச் சோறிட்டது இந்தக் குதிர்.