தினார்: ஓர் உரோமக் காசின் பெயர் கொட்டியாரக் குடாவுக்கு வந்த வழி

திருகோணமலைத் துறைமுகத்தின் தென்புறத்தே, கொட்டியாரக் குடாவை ஒட்டிய கிண்ணியாவிலும் மூதூரிலும், வளைகுடா நாடுகளுக்கு உழைக்கச் சென்றோரின் வீடுகளில் அன்றாடம் புழங்கும் ‘தினார்’ என்னும் சொல்லை அரபுச் சொல் என்றே பெரும்பாலோர் கொள்வர். அரபு வழியாகவே அது இக்கரைக்கு வந்தது என்ற அளவில் அது பிழையன்று. ஆயினும் அரபு அதனை அரமேய, சிரியாக் மொழிகளின் வழியே பெற்றது. அவை கிரேக்கத்தின் ‘தெனாரியொன்’ என்பதிலிருந்தும், கிரேக்கம் உரோமரின் இலத்தீன் மொழியில் வழங்கிய ‘தெனாரியுஸ்’ என்பதிலிருந்தும் பெற்றன. இலத்தீனில் ‘தெனி’ என்றால் ‘பப்பத்து’. பத்து ‘ஆஸ்’, அதாவது பத்து வெண்கலக் காசு, பெறுமதியுள்ள வெள்ளிக்காசு என்பதே பெயரின் பொருள். கார்த்தேஜின் தளபதி ஹன்னிபாலுடன் நடந்த போரின் நெருக்கடியில், கி.மு. 211 அளவில் உரோமர் இக்காசை முதலில் அடித்தனர். அடுத்த நூற்றாண்டிலேயே அதன் பெறுமதி பதினாறு ஆஸாக உயர்த்தப்பட்டபோதும் பெயர் பத்திலேயே நின்றுவிட்டது.

கி.மு. 44இல் யூலியஸ் சீசரின் தலை இக்காசில் பொறிக்கப்பட்டது. தெய்வங்களுக்கும் இறந்த முன்னோருக்கும் உரியதாக இருந்த அந்த இடத்தை, உயிரோடிருந்த தலைவர் ஒருவர் உரோம நகரின் காசில் பிடித்துக்கொண்டது அதுவே முதன்முறை. அவருடைய வளர்ப்பு மகனான அகஸ்டஸ் அதனை ஆட்சியின் நிலையான வழக்கமாக்கினார். உருவத்தைவிட முக்கியமானது அக்காலத்து ஒழுங்கு: இருபத்தைந்து தெனாரியுஸ் ஓர் ‘ஔரேயுஸ்’ என்னும் பொற்காசுக்கு ஈடாகும், ஏறத்தாழ 325 கிராம் கொண்ட உரோம இறாத்தல் ஒன்றில் 84 தெனாரியுஸ் அடிக்கப்படும். திபேரியஸ் வந்தபோதும் கிளாடியஸ் வந்தபோதும் முகம் மாறியது, எடை மாறவில்லை.

இந்த எடைதான் இலங்கை மன்னர் ஒருவரை வியக்கவைத்தது என்று கி.பி. 77 அளவில் எழுதிய மூத்த பிளினி தம் ‘இயற்கை வரலாறு’ நூலில் கூறுகிறார். செங்கடல் வரியைக் குத்தகைக்கு எடுத்திருந்த அன்னியுஸ் புளோக்காமுஸ் என்பவரிடம் அடிமையாயிருந்து விடுதலை பெற்ற ஒருவன், அராபியாவைச் சுற்றிச் செல்கையில் காற்றால் அள்ளுண்டு, பதினைந்தாம் நாள் ‘தப்ரபேன்’ எனப்பட்ட இலங்கையின் ‘ஹிப்புரி’ என்னும் துறையை அடைந்தான். மேற்குக் கரையின் குதிரைமலையே அத்துறை என்பது பலரின் கருத்து. ஆறு மாதம் அவனை விருந்தினனாக வைத்திருந்த மன்னர், அவனிடமிருந்த காசுகளில் வெவ்வேறு ஆட்சியாளரின் உருவங்கள் இருந்தும் எடை ஒன்றாகவே இருந்ததைக் கண்டு உரோமரின் நேர்மையை மெச்சி, ராக்கியாஸ் என்பவர் தலைமையில் நால்வரைக் கிளாடியஸிடம் தூதனுப்பினாராம்.

இக்கதையைச் சொன்னவரும் உரோமர், மெச்சப்பட்டவரும் உரோமர் என்பதால் அதனை அப்படியே விழுங்கிவிட முடியாது. எகிப்தின் கிழக்குப் பாலைவனத்தில் வாடி மெனி என்னும் இடத்துப் பாறையொன்றில், புளோக்காமுஸின் அடிமை ஒருவன் கி.பி. 6இல், அதாவது அகஸ்டஸ் காலத்திலேயே, தன் வருகையைப் பொறித்திருக்கிறான். ஆகவே குத்தகைக்காரர் கற்பனை மனிதர் அல்லர். ஆனால் இலங்கையில் கிடைத்துள்ள உரோமக் காசுகளில் மிகப் பெரும்பகுதி கி.பி. 4, 5ஆம் நூற்றாண்டுகளின் சிறு செப்புக் காசுகளும், அவற்றைப் பார்த்து இங்கேயே அடிக்கப்பட்ட போலிகளுமே. கிளாடியஸ் காலத்து வெள்ளி மிக அரிது. ஒரு துறைமுக நாட்டின் அரசர் தராசு கொண்டு காசை மதிப்பதில் வியப்பில்லை. வணிகர் எவரும் செய்வது அது. வியப்பெல்லாம் பிளினியுடையதாகவே தோன்றுகிறது.

6ஆம் நூற்றாண்டில் கொஸ்மாஸ் என்னும் அலெக்சாந்திரியத் துறவி எழுதிய கதையும் இதே அச்சில் வார்த்ததுதான். உங்கள் அரசருள் பெரியவர் யார் என்று இலங்கை மன்னர் வினவ, சொபத்ரொஸ் என்னும் வணிகர் உரோமப் பொற்காசையும் பாரசீக வெள்ளிக்காசையும் அருகருகே வைத்துப் பார்க்கும்படி சொல்லி வென்றார் என்பது அக்கதை. அந்தப் பொற்காசு தெனாரியுஸ் அன்று. 4ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொன்ஸ்தந்தீன், இறாத்தலுக்கு 72 என அடிப்பித்த ‘சொலிடுஸ்’. ஏனெனில் அதற்குள் பழைய வெள்ளிக்காசு அழிந்துவிட்டிருந்தது. கி.பி. 64இல் நீரோ அதன் எடையைக் குறைத்து, வெள்ளியில் கலப்பையும் கூட்டினார். பின்வந்தோர் அதே வழியில் நடந்து, 3ஆம் நூற்றாண்டில் அதனை வெள்ளிப் பூச்சிட்ட செம்பாக்கினர். பிறந்த மண்ணில் மானமிழந்த பெயர், வெளிநாடுகளில்தான் மதிப்போடு வாழ்ந்தது.

வட இந்தியாவில் குப்த மன்னரின் கல்வெட்டுகள் தம் பொற்காசை ‘தீநார’ என்றே குறிக்கின்றன, சாஞ்சியில் கி.பி. 412 அளவில் பொறிக்கப்பட்ட கொடைச் சாசனம் அதற்குச் சான்று. வெள்ளிக்காசின் பெயர் பொன்னுக்குத் தாவியதற்கு, ஔரேயுஸைப் ‘பொன் தெனாரியுஸ்’ என்று அழைத்த உரோம வழக்கே காரணம். அரபுலகிலும் தினார் பொன்னையே குறித்தது. திருக்குர்ஆனின் ஆலு இம்றான் அத்தியாயத்தில் அச்சொல் வருகிறது. கலீபா அப்துல் மலிக், முதலில் உருவம் பொறித்த உரோமக் காசைப் பின்பற்றி அடித்துப் பார்த்து, ஹிஜ்ரி 77இல் (கி.பி. 696-97) உருவங்களை முற்றாக நீக்கி, கலிமா என்னும் இஸ்லாமிய உறுதிமொழி முதலிய எழுத்துகளை மட்டும் பொறித்து, 4.25 கிராம் எடையில் தினாரை வெளியிட்டார். சீசர் பிடித்த இடம் இவ்வாறு காலியாயிற்று. எடையை நம்பிக் காசை ஏற்கும் வழக்கமும் பெயரும் எஞ்சின. ஸகாத் என்னும் கட்டாயக் கொடை கடமையாவதற்கு வேண்டிய பொன்னின் அளவு இருபது தினார், அதாவது 85 கிராம், என மார்க்க நூல்கள் கணிப்பதால், வளைகுடா வேலைவாய்ப்பு எனும் பேச்சு தோன்றுவதற்கு வெகுமுன்பே மார்க்கக் கல்வி வழியாகக் கொட்டியாரக் குடாவைச் சூழ்ந்த ஊர்களுக்கு இச்சொல் அறிமுகமாகியிருந்தது எனக் கொள்வதே பொருந்தும்.

இதே திருகோணமலைத் துறைமுகத்திற்கு அச்சொல் வேறு வேடங்களிலும் வந்தது. 1620களில் கோணேசர் கோயிலை இடித்துக் கோட்டை கட்டிய போர்த்துக்கேயரின் மொழியில் பணத்தைக் குறிக்கும் பொதுச்சொல்லே தெனாரியுஸின் வழித்தோன்றல். 1795இல் நகரைக் கைப்பற்றிய பிரித்தானியர் கணக்கேடுகளில் பென்சைக் குறிக்க எழுதிய ‘டி’ என்னும் எழுத்து, தெனாரியுஸின் முதலெழுத்து. 1872இல் ரூபாவும் சதமும் வரும்வரை இலங்கையின் அரசாங்கக் கணக்கும் அந்த எழுத்தைச் சுமந்தது. கத்தோலிக்கத் தேவாலயங்களில் வாசிக்கப்படும் திருவிவிலியத்தில் ‘தெனாரியம்’ என்றே அது ஒலிக்கிறது; சீர்திருத்தச் சபையாரின் பழைய மொழிபெயர்ப்பு ‘பணம்’ என்றதோடு அமைந்தது. 

தமிழ் அதனைத் தன் சொல்லாக ஏற்கவில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. யவனர் பொன்னோடு வந்து மிளகோடு மீண்டதை அகநானூறு பேசினாலும், அவர் காசின் பெயரைத் தமிழ் வாங்கிக்கொள்ளவில்லை. காசு, பொன், பணம் என்னும் சொற்கள் போதுமாயிருந்தன. ‘காசு’ தானே போர்த்துக்கேயர் வாய்வழி ஐரோப்பாவுக்குப் பயணம் போன சொல்லாகும். ஆகவே தமிழில் தினார் என்றும் பிறநாட்டுக் காசின் பெயராகவே நிற்கிறது.

இன்று அல்ஜீரியா முதல் ஈராக் வரையும், சேர்பியாவிலும், நாணயத்தின் பெயர் தினார். குவைத் தினார் 1961இல் வெளிவந்தது. அது ஆயிரம் ‘பில்ஸ்’ ஆகப் பிரியும். அந்தப் பில்ஸும் உரோமர் செப்புக் காசின் பெயரான ‘பொல்லிஸ்’ என்பதன் திரிபே.