மூணாறு ராஜமலைக்கு எந்த மாதம் போகலாம்? பிப்ரவரி, மார்ச்சில் கேட் மூடப்படுவது ஏன்? முழு விவரம்!

தமிழ்நாட்டின் மாநில விலங்கு வரையாடு. ஆனால் அதைச் சில அடி தூரத்தில் நின்று பார்க்க ஆசைப்படுபவர்களில் பலர் வண்டி ஏறுவது கேரளாவின் மூணாறுக்குத்தான். அங்கிருந்து சுமார் 13 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் ராஜமலை, இரவிகுளம் தேசியப் பூங்காவின் சுற்றுலாப் பகுதி.

லீவு கிடைத்ததும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புபவர்கள் பலர், அங்கே போய் ஏமாந்து திரும்புவதும் உண்டு. சிலருக்கு கேட் மூடியிருக்கும். சிலருக்கு மூடுபனியைத் தவிர வேறெதுவும் தெரியாது. சிலருக்கு டிக்கெட்டே கிடைக்காது. காரணம், இந்தப் பூங்காவின் காலண்டர் மழையையும் வரையாட்டையும் வைத்துத்தான் நகர்கிறது. அது எப்படி என்று பார்க்கலாம்.

இரவிகுளம்: என்ன ஸ்பெஷல்?

இடுக்கி மாவட்டத்தில் 97 சதுர கிலோமீட்டர் பரப்பில் இருக்கிறது இந்தப் பூங்கா. 1975-ல் வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 1978-ல் தேசியப் பூங்காவானது. தென்னிந்தியாவின் உயரமான சிகரமான ஆனைமுடி (2,695 மீட்டர்) இதற்குள்தான் இருக்கிறது. 2012-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதிகளில் இதுவும் ஒன்று.

பூங்காவின் பெரும்பகுதி சுமார் 2,000 மீட்டர் உயரத்தில் உள்ள புல்வெளி. மலை மடிப்புகளில் மட்டும் சோலைக்காடுகள். இந்தப் புல்லும், பக்கத்திலேயே செங்குத்தான பாறையும் இருப்பதுதான் வரையாட்டுக்கு வேண்டியது. மேய்வதற்குப் புல், புலியோ சிறுத்தையோ செந்நாயோ வந்தால் ஏறித் தப்பிக்கப் பாறை.

2025 ஏப்ரலில் தமிழ்நாடும் கேரளாவும் சேர்ந்து நடத்திய கணக்கெடுப்பில் மொத்தம் 2,668 வரையாடுகள் இருப்பது தெரியவந்தது. அதில் இரவிகுளத்தில் மட்டும் 841. உலகத்தில் வேறெங்கும் இயற்கையாக வாழாத ஒரு விலங்கில், கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு இந்த ஒரே பூங்காவில் இருக்கிறது.

பிப்ரவரி, மார்ச்: கேட் மூடும் காலம்

வரையாடுகள் இணை சேர்வது பெரும்பாலும் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில். சினைக்காலம் ஏறத்தாழ ஆறு மாதம். கணக்குப் போட்டால் குட்டி ஈனும் காலம் ஜனவரியில் தொடங்கி மார்ச் வரை வந்து நிற்கும். பொதுவாக ஓர் ஈற்றுக்கு ஒரே குட்டிதான். அந்த ஒரு குட்டியும் பிழைக்கவில்லை என்றால், அந்த வருடம் அந்தத் தாய்க்குக் கணக்கு பூஜ்ஜியம்.

ராஜமலை வரையாடுகள் பல வருடங்களாக மனிதர்களைப் பார்த்துப் பழகியவை. பாதை ஓரமாகவே மேயும். இதுவே குட்டி ஈனும் நேரத்தில் பிரச்சினை. போட்டோவுக்காக நெருங்கும் கூட்டமும் சத்தமும் தாயையும் குட்டியையும் பிரித்துவிடலாம். அதனால்தான் ஒவ்வொரு வருடமும் வழக்கமாக பிப்ரவரி 1 முதல் மார்ச் 31 வரை பூங்கா மூடப்படுகிறது. குட்டி ஈனும் நிலவரத்தைப் பார்த்து வனத்துறை இந்தத் தேதியைக் கொஞ்சம் முன்னே பின்னே மாற்றுவதும் உண்டு. எனவே ஜனவரிக் கடைசியிலோ ஏப்ரல் முதல் வாரத்திலோ போவதாக இருந்தால், ரூம் போடுவதற்கு முன்பே பூங்கா திறந்திருக்கிறதா என்று உறுதி செய்துகொள்வது நல்லது.

இந்த இரண்டு மாதத்தில் ஏற்கெனவே மூணாறு டிக்கெட் போட்டுவிட்டவர்கள் என்ன செய்வது? மறையூர் பக்கம் போகலாம். சந்தனக் காடு, வெல்லம் காய்ச்சும் ஆலைகள், முனியறை எனப்படும் பெருங்கற்காலக் கல்லறைகள் என ஒரு நாள் தாராளமாக ஓடிவிடும். வரையாடு பார்த்தே ஆக வேண்டும் என்பவர்களுக்கு ஆழியாறு – வால்பாறை மலைப்பாதை இருக்கிறது. கொண்டை ஊசி வளைவுகளின் ஓரத்தில் வரையாடுகள் நிற்பதை வண்டியில் இருந்தபடியே பார்க்க முடியும். இறங்கித் துரத்துவதும், தீனி போடுவதும் கூடாது.

ஏப்ரல், மே: கூட்டமும் குட்டிகளும்

கேட் திறந்ததும் முதலில் கண்ணில் படுவது, தாயின் பின்னால் துள்ளும் குட்டிகள்தான். சமவெளி கொதிக்கும்போது இங்கே காலை நேரம் சில்லென்று இருக்கும். மதியத்துக்கு மேல் கோடைமழை இடியோடு வரலாம். அதனால் காலையிலேயே மலையேறிவிடுவது புத்திசாலித்தனம்.

சிக்கல் கூட்டம்தான். தமிழ்நாடு, கேரளா இரண்டுக்கும் ஒரே நேரத்தில் பள்ளி விடுமுறை. ஆன்லைனில் முன்கூட்டியே நேரம் பதிவு செய்யாமல் போனால் மணிக்கணக்கில் வரிசையில் நிற்க வேண்டியிருக்கும்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை: மழையை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது

ஜூன் முதல் வாரத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கும். அரபிக்கடலில் இருந்து வரும் ஈரக்காற்று முதலில் மோதுவது இந்த உயரமான மலைகளில்தான். ஜூலை, ஆகஸ்டில் நாள் கணக்கில் மழை நிற்காது. அருவிகள் நிரம்பி, மலை பச்சையாக இருக்கும். அதே நேரம் பத்தடி தூரத்தில் நிற்கும் வரையாடுகூடத் தெரியாத அளவுக்கு மூடுபனி இருக்கும். புல்லில் அட்டையும் இருக்கும்.

இந்த மலையில் மழை எவ்வளவு ஆபத்தானது என்பதை 2020 ஆகஸ்ட் 6 காட்டியது. ராஜமலையைத் தாண்டி சில கிலோமீட்டரில் உள்ள பெட்டிமுடியில், அன்று இரவு ஏற்பட்ட நிலச்சரிவு தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் குடியிருப்பு வரிசைகளை மண்ணோடு மூடியது. 70 பேர் உயிரிழந்தனர். நான்கு பேரின் உடல்கள் கிடைக்கவே இல்லை. இறந்தவர்களில் பலரின் பூர்வீகம் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறு பகுதி. மின்சாரமும் தொலைத்தொடர்பும் இல்லாததால், நடந்தது வெளியே தெரியவே மறுநாள் காலை ஆனது.

எனவே இந்த மாதங்களில் இடுக்கி மாவட்டத்துக்கு ஆரஞ்சு அல்லது ரெட் அலர்ட் இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். அந்த மாதிரி நாட்களில் சுற்றுலாத் தலங்களை மூடவும், இரவு மலைப்பாதைப் பயணத்துக்குத் தடை போடவும் மாவட்ட நிர்வாகம் உத்தரவிடுவது வழக்கம். ரூமுக்குக் கட்டிய பணம் போகிறதே என்று கிளம்பிவிடக் கூடாது.

நீலக்குறிஞ்சி இந்த வருடம் பூக்குமா?

ஆகஸ்ட் வந்தாலே வாட்ஸ்அப்பில் சுற்றும் கேள்வி இது. நீலக்குறிஞ்சி 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூப்பது. இரவிகுளத்தில் கடைசியாக மலை முழுக்கப் பூத்தது 2018-ல். அதற்கு முன் 2006. அந்தக் கணக்குப்படி அடுத்தது 2030. அந்த ஆண்டு ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை சீசன் எதிர்பார்க்கலாம்.

நடுவில் வரும் போட்டோக்கள் எல்லாமே பொய் என்று சொல்லிவிட முடியாது. குறிஞ்சியில் பல இனங்கள் உண்டு. வேறு மலைகளில் வேறு ஆண்டுகளில் பூப்பதும் உண்டு. ஆனால் அதை நம்பி ராஜமலைக்குப் போனால் புல்வெளியைத்தான் பார்க்க முடியும். பூத்திருக்கும் செடியைப் பறிப்பது சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம் என்பதையும் மறக்க வேண்டாம்.

அக்டோபர், நவம்பர்: பாதி மழை, பாதி வெயில்

தென்மேற்கு மழை ஓய்ந்தபின் வடகிழக்குப் பருவமழை தொடங்கும். காலையில் பளிச்சென்று வெயில், பிற்பகலில் மழை என்பது இந்த மாதங்களின் வழக்கம். மூணாறு – மறையூர் சாலையில் இருக்கும் லக்கம் அருவியில் தண்ணீர் நன்றாக இருக்கும்.

தேனியில் இருந்து போடிமெட்டு வழியாகப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது: இந்த மழையில் போடிமெட்டு மலைப்பாதையில் பாறைகள் உருண்டு போக்குவரத்து நிற்பதுண்டு. கிளம்பும் முன் நிலவரம் கேட்டுவிடுங்கள். உடுமலையில் இருந்து போகும் பாதை, மழை குறைவான சின்னாறு காட்டு வழியாக மறையூருக்கு ஏறுகிறது.

டிசம்பர், ஜனவரி: உறைபனி சீசன்

மேகம் இல்லாத இரவுகளில் தரையின் சூடு மேலே போய்விட, கனமான குளிர்காற்று பள்ளத்தாக்குகளில் தேங்கும். அதிகாலையில் வெப்பநிலை பூஜ்ஜியத்தை ஒட்டி இறங்கி, புல்வெளி வெள்ளையாக உறைந்து கிடக்கும். வானம் தெளிவாக இருப்பதால் ஆனைமுடியை முழுசாகப் பார்க்க ஏற்ற நேரம் இதுதான். ஸ்வெட்டர், குல்லா, குழந்தைகளுக்குக் கையுறை கட்டாயம். கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பொங்கல் விடுமுறை நாட்களில் கூட்டம் மே மாதம் போலவே இருக்கும்.

உள்ளே என்ன செய்யலாம், என்ன கூடாது?

- சொந்த வண்டிக்கு அனுமதி இல்லை. ஐந்தாம் மைலில் இருந்து வனத்துறை பேருந்தில் ஏறி, தேயிலைத் தோட்டங்கள் வழியாக மேலே போக வேண்டும். அதன் பிறகு தார் ரோட்டில் நடை.
- ஏற்றம் இருப்பதால் வயதானவர்கள் நிதானமாக நடப்பது நல்லது.
- ஆனைமுடி உச்சிக்குப் பொதுச் சுற்றுலாப் பயணிகள் ஏற முடியாது.
- பிளாஸ்டிக் கொண்டுபோகக் கூடாது.
- வரையாட்டைத் தொடுவது, தீனி கொடுப்பது, பிடித்து நிறுத்தி செல்ஃபி எடுப்பது எல்லாம் வனவிலங்குச் சட்டப்படி வழக்கில் போய் முடியும்.

ஒரே பார்வையில்

- தெளிவான வானம், குளிர்: டிசம்பர் முதல் ஜனவரி மூன்றாம் வாரம் வரை
- குட்டிகளோடு வரையாடு: ஏப்ரல், மே
- அருவி, பசுமை, கூட்டம் குறைவு: செப்டம்பர் கடைசி முதல் நவம்பர் வரை
- தவிர்க்க வேண்டியது: ஜூலை, ஆகஸ்டில் மழை எச்சரிக்கை உள்ள நாட்கள்
- அனுமதி இல்லாதது: பிப்ரவரி, மார்ச்

கட்டணம், நேரம், திறப்புத் தேதி ஆகியவை மாறக்கூடியவை. கிளம்பும் முன் பூங்காவின் அதிகாரப்பூர்வ இணையதளத்தையும், இடுக்கி மாவட்டத்துக்கான வானிலை எச்சரிக்கையையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.