ஊளையிட்ட விரியலாக்கி: ஒரு பழுது தீர்ந்த வரலாறு

கருவிகளின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் அவை பிறந்த நாளையே போற்றுவர். அவை பழுதுற்ற நாளையும் அப்பழுது தீர்ந்த வகையையும் எழுதுவோர் சிலரே. ஆயினும், ஒரு கருவியின் இயல்பு அது செவ்வனே இயங்கும்போது புலப்படுவதினும் பிழைபட இயங்கும்போதே நன்கு புலப்படும். வானொலி மீடிறன் விரியலாக்கியைப் பற்றிய பழுதொன்றின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

1906ஆம் ஆண்டில் அமெரிக்கரான லீ டி பொரெஸ்ட் மூன்று மின்வாய்கள் கொண்ட வால்வை அமைத்தார். சூடேறிய இழையினின்றும் அனோட்டுக்குச் செல்லும் இலத்திரன்களை இடைநின்ற நெய்யரி அடக்கியாளும். பின்னர் ஆர்ணல்ட், லாங்மூர் ஆகியோர் வால்வினுள் வெற்றிடத்தைச் செம்மை செய்தனர். 1915இல் நியூயோர்க்குக்கும் சான்பிரான்சிஸ்கோவுக்கும் இடையே தொலைபேசிக் குரலைக் கொண்டு சென்றவை இத்தகைய வால்வுகளே.

குரலின் மீடிறனில் ஒழுங்காய்ப் பணிபுரிந்த வால்வு, வானொலி அலைகளின் மீடிறனில் முரண்டு பிடித்தது. இசைவித்த சுற்றுக்களை அதன் இருமருங்கும் இணைத்தவுடன், வெளியிலிருந்து அலை எதுவும் வாராதபோதும் தானே அலையத் தொடங்கிற்று. இசைக்கு மாறாக ஊளையே கேட்டது. அவ்வலைவு ஏரியல் வழியே பரவுமாயின் அயலார் கருவிகளும் ஊளையிடும். பின்னூட்டலை அளவுமீறிக் கையாண்டோரின் கருவிகளும் இத்தொல்லையை விளைத்தமையால், 1920களில் பிரித்தானிய ஒலிபரப்பு நிறுவனத்தின் தலைமைப் பொறியியலாளர் எக்கேர்ஸ்லி, அதனைத் தவிர்க்குமாறு நேயர்களை வானொலி வாயிலாகவே வேண்ட நேர்ந்தது.

முதலிற் செய்யப்பட்ட மருத்துவம் நோயின் குறியை மட்டும் அடக்குவதாயிருந்தது. நெய்யரிச் சுற்றில் ஒரு தடையைச் சேர்த்தனர். அன்றி, நெய்யரிக்கு நேர்மின்னழுத்தம் கொடுத்து அதனை மின்னோட்டம் இழுக்கச் செய்தனர். ஊளை அடங்கிற்று, அதனோடு விரியலும், நிலையங்களைப் பிரித்தறியும் ஆற்றலுங் குன்றின. 1918இல் பாரிசிலிருந்த ஆம்ஸ்ட்ரோங், வரும் அலையைத் தாழ்ந்த மீடிறனுக்கு மாற்றி விரிக்கும் முறையை வகுத்தார். அது பின்னாளிற் பெரும்பயன் தந்ததெனினும், அன்றைய நிலையிற் பழுதைத் தீர்த்ததன்று, விலகிச் சென்றதே.

நோயின் மூலத்தைத் தெளிவாய்க் காட்டியவர், அமெரிக்க நியமங்கள் பணியகத்தைச் சேர்ந்த ஜோன் மில்லர். அவரது ஆய்வு 1920இல் வெளிவந்தது. நெய்யரியும் அனோட்டும் அருகருகே நிற்கும் இரு உலோகங்களாதலின் அவை தாமே ஒரு சிறு ஒடுக்கியாகும். அதன் கொள்ளளவம் 8 பிக்கோபரட்டு எனக் கொள்வோம். செக்கனுக்கு 1,000 சுற்றுடைய அலைக்கு அது ஏறக்குறைய 2 கோடி ஓம் தடுப்பாகும். 10 இலட்சம் சுற்றுடைய அலைக்கோ 20,000 ஓமே. அன்றியும், வால்வு பத்து மடங்கு விரிக்குமாயின், உட்புகும் அலைக்கு அக்கொள்ளளவம் 88 பிக்கோபரட்டுப் போலத் தோற்றும். அனோட்டுச் சுற்று தூண்டற்றன்மை கொண்டிருப்பின், மீண்டு வரும் மின் உள்வரும் மின்னுக்குத் துணைநின்று இழப்பை ஈடுசெய்யும்; இழப்பு முற்றும் ஈடாயின் அலைவு தானே எழும்.

மூலம் இன்னதென அறிந்தபின் மருந்து தொலைவிலில்லை. ரைஸ், ஹார்ட்லி ஆகியோர் முன்னரே இத்துறையில் முயன்றிருந்தனர். ஸ்டீவன்ஸ் தொழினுட்பக் கழகப் பேராசிரியர் ஹேசல்ரைன் 1923இல் தமது நியூற்றோடைன் கருவியை வெளிப்படுத்தினார். மீண்டு வரும் மின்னுக்குச் சமனும் எதிருமான மின்னை ஒரு சிறு ஒடுக்கி வழியே நெய்யரிக்கு ஊட்டின், இரண்டும் ஒன்றையொன்று அழிக்கும். சுருள்களின் காந்தப் பிணைப்பை ஒழித்தற்கு அவற்றை ஏறக்குறைய 55 பாகை சாய்த்து நிறுத்தினார்.

இக்கருவியைச் சீர்செய்யும் முறை வியக்கத்தக்கது. வலிய நிலையமொன்றை இசைவித்து, சோதிக்கப்படும் வால்வைத் தாங்கியில் இருத்தியபடியே அதன் இழைக்குரிய மின்னை மட்டும் துண்டிப்பர். குளிர்ந்த வால்வு விரிக்கமாட்டாது; ஆயினும் கொள்ளளவம் அவ்வாறே இருக்கும். எனவே, அப்போது கேட்கும் ஒலி கள்ளவழியே வந்த ஒலியாம். அது மறையும்வரை சிறு ஒடுக்கியைத் திருகுவர். பின்னர் இழையை ஏற்றினால் ஊளை எழாது.

1926இல் ஹல் என்பார், நெய்யரிக்கும் அனோட்டுக்கும் இடையே திரைநெய்யரியொன்றை நிறுத்திய வால்வின் ஆய்வை வெளியிட்டார். அவ்விடைக் கொள்ளளவம் நூறிலொரு பங்கினுங் குறைந்தது. அதே ஆண்டில் ஒல்லாந்தரான ரெலகன் மூன்றாம் நெய்யரியைச் சேர்த்து ஐம்முனை வால்வை ஆக்கினார். எனினும், திரையை நிலத்தோடு பிணைக்கும் ஒடுக்கி கெடின் பழைய ஊளை மீளும். 1950களில் திரான்சிற்றர் வந்தபோதும் அதே நோய் தோன்றிற்று. ஹேசல்ரைனின் மருந்தும் மீண்டும் வழங்கிற்று.

இவ்வரலாற்றில் மாணவர் கருத்திற் கொள்ளத்தக்கது ஒன்றுண்டு. ஊளையிட்ட அவ்விரியலாக்கியில் உடைந்த உறுப்பு எதுவுமில்லை. வால்வை மாற்றி மாற்றிப் பார்த்தவன் பணத்தை இழந்திருப்பான்; பழுது நீங்கியிராது. குற்றம் உறுப்புகளிலன்று, அவற்றிடையே வரைபடத்தில் எவரும் வரையாத உறவிலேயே இருந்தது. அதனை அளந்து கண்டவர்க்கே கருவி அடங்கிற்று.