தீர்ப்பின்றிக் காத்த வழக்கு

வழக்கு என்று ஒன்று எழுந்தால் அதற்குத் தீர்ப்பு வேண்டும் என்பதே நாம் பழகிய நெறி. தீர்ப்பே வழங்காமல் வழக்கை உறங்கவைத்து, ஒரு கண்டத்தையே போரிலிருந்து காத்த வரலாறும் உண்டு. அது தென்துருவத்தைச் சூழ்ந்த அண்டார்க்டிகாவின் வரலாறு.

ஏறத்தாழ 1 கோடியே 40 இலட்சம் சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அப்பனிநிலத்திற்கெனக் குடிமக்கள் இல்லை. உரிமை கோருவோர்க்கோ குறைவில்லை. 1908ஆம் ஆண்டில் பிரிட்டன் முதற்கோரிக்கையை எழுப்பியது. பின்னர் நியூசிலாந்து, பிரான்சு, ஆஸ்திரேலியா, நார்வே, சிலி, அர்ஜென்டினா ஆகியவற்றின் பெயராலும் கோரிக்கைகள் எழுந்தன. பிரிட்டன், சிலி, அர்ஜென்டினா மூன்றும் ஒரே தீபகற்பத்தைத் தமதென்றன. 1952 பிப்ரவரியில் ஹோப் விரிகுடாவில் கரையிறங்கிய பிரிட்டானியக் குழுவினரின் தலைக்கு மேலே அர்ஜென்டினர் இயந்திரத் துப்பாக்கியால் சுட்டு அச்சுறுத்தினர். அடுத்த ஆண்டு டிசெப்ஷன் தீவில் அர்ஜென்டினாவும் சிலியும் எழுப்பிய குடில்களைப் பிரிட்டன் அகற்றியது. அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் எவருடைய உரிமையையும் ஏற்கவில்லை. தாம் உரிமை கோரும் வாய்ப்பையும் கைவிடவில்லை.

பகை முற்றிய அந்நாளில் அறிவியலே வழி திறந்தது. 1957-58இல் நிகழ்ந்த பன்னாட்டுப் புவி இயற்பியல் ஆண்டில் 12 நாடுகளின் ஆய்வாளர் அங்கு ஒன்றுபட்டு உழைத்தனர். அதே 12 நாடுகள் 1959 டிசம்பர் 1ஆம் நாள் வாஷிங்டனில் அண்டார்க்டிக் உடன்படிக்கையில் கையொப்பமிட்டன. 1961 ஜூன் 23இல் அது நடைமுறைக்கு வந்தது. படைச் செயல்களும் அணு வெடிப்பும் விலக்கப்பட்டன.

அதன் உயிர்நாடி நான்காம் விதி. கையொப்பமிடுவதால் எந்நாடும் தன் உரிமையைத் துறந்ததாகாது. பிறர் உரிமையை ஏற்றதாகவும் ஆகாது, மறுத்ததாகவும் ஆகாது. உடன்படிக்கை நடப்பிலுள்ளவரை அங்கே ஆற்றும் எச்செயலும் உரிமைக்குச் சான்றாகாது. புதுக் கோரிக்கையும் எழலாகாது. கொடி நடுவதால் இனிப் பயனில்லை என்றான பின் கொடிக்காகச் சுடுவானேன்?

1982இல் பாக்லாந்துத் தீவுகளுக்காகப் பிரிட்டனும் அர்ஜென்டினாவும் போரிட்டன. ஆயினும் இரண்டும் இவ்வுடன்படிக்கையை விட்டு விலகவில்லை. 1991இல் மாட்ரிட்டில் உருவான நெறிமுறை கனிமம் அகழ்வதையும் தடுத்தது.

எனினும் வழக்கு இறந்துவிடவில்லை. 2012இல் ஒரு பகுதிக்குப் பிரிட்டன் தன் அரசியின் பெயரைச் சூட்டியபோது அர்ஜென்டினா கண்டனம் தெரிவித்தது. உறங்கும் வழக்கை ஒரு பெயரே அசைத்துவிட்டது. சொல்லின் வலிமை அத்தகையது. சொல்லாது விடுவதன் வலிமையோ அதனினும் பெரிது. கவிஞர்கள் அறிந்த இவ்வுண்மையை அரசுகளும் ஒருமுறை அறிந்து நடந்ததற்கு அப்பனிநிலமே சான்று.